நம் மகளின் ரக்பியும் என் விசிலும்

என் அன்பான செல்விக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒகேனக்கல் பஸ் ட்ரிப்பை முடித்துவிட்டு வந்து சோற்றில் கை வைப்பதற்குள் எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிடுவேன். கடிதத்துக்கு என்ன வேலை? இப்போது ஒரு விஷயத்தை யாரிடமும் கொட்ட முடியவில்லை. இதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லட்டும்.

நம் நித்யா ரக்பி ஆடுகிறாள்.

அது என்ன என்று கேட்பாய். எனக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். கோகோ ஆட்டத்தில் நன்றாக ஓடுகிற பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு டீம் சேர்த்தார். பாப்பா ஒரு தாளை நீட்டி, "நான் சேந்துக்கட்டுங்களாப்பா?" என்றாள். என்ன விளையாட்டு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ போன பிறகு இந்த இரண்டு வருஷத்தில் அவளாக வாய் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

பந்தைப் பார்த்ததும் முதல் குழப்பம். அது உருண்டையாக இல்லை, உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பி இருந்தது. காற்று இறங்கி நசுங்கிவிட்டதோ என்று அழுத்திப் பார்த்தேன். அவள் சிரித்தாள். களி கிண்டிக்கொண்டே எனக்கு ஆட்டத்தை விளக்கினாள். முன்னால் ஓட வேண்டுமாம், ஆனால் பந்தைப் பின்னால் வருகிறவளுக்குத்தான் போட வேண்டுமாம். முன்னால் ஒருத்தி சும்மா நிற்கிறாளே, அவளுக்குப் போட்டால் என்ன என்றேன். அது ஃபவுல் என்றாள். ஆனால் பந்தோடு ஓடுகிறவளை இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினால் ஃபவுல் இல்லையாம். நாள் முழுக்க 'முன்னாடி போங்க, முன்னாடி போங்க' என்று கத்திப் பிழைக்கிற கண்டக்டருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும், நீயே சொல்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வருவாள். நான் மருந்து போட்டுவிடுவேன். ஒருநாள் என் அக்கா வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டது. "பொட்டப்புள்ளைய இப்படி மண்ணுல உருள வுடறியேடா, செல்வி இருந்தா வுட்டிருப்பாளா?" என்று கேட்டது. கல்யாணமான புதிதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, மறுநாளே மறுபடி வண்டியை எடுத்தவள் நீ. பாப்பா கட்டிலிலிருந்து விழுந்ததற்கு மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவளும் நீதான். எந்தச் செல்வியைக் கேட்பது?

தெரிந்தவரை செய்தேன். விடியற்காலைப் பயிற்சிக்கு முட்டை அவித்துக் கொடுத்தேன். சேலம் போய் அடியில் குமிழ் வைத்த ஷூ வாங்கி வந்தேன். டூட்டி இல்லாத நாளில் மைதானத்தின் ஓரம் நின்று, மற்றவர்கள் கைதட்டும்போது நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று பாதி நேரம் தெரியாது.

போன மாதம் தருமபுரியில் ஒரு போட்டி. காலை ட்ரிப்பை முடித்து, மீதி டூட்டியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு ஓடினேன். விசில் கழுத்திலேயே கிடந்தது. நான் போனபோது கடைசி ஆட்டம், முடிகிற நேரம். எதிர் டீம் சில பாயிண்ட் முன்னால் இருந்தது. அப்போது பந்து பாப்பா கைக்கு வந்தது. ஒருத்தியிடமிருந்து நழுவினாள், இன்னொருத்தியை ஏமாற்றினாள். அப்புறம் அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஜெயிப்பு. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

போ என்று கத்தத்தான் நினைத்தேன். குரல் வரவில்லை. கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது. இரண்டு தடவை ஊதிவிட்டேன். பஸ்ஸில் இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பும். மைதானத்தில் விசில் கேட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஊதினேனே.

துரத்தி வந்தவர்கள் நின்றார்கள். பாப்பாவும் நின்றாள். பந்தை நெஞ்சோடு பிடித்தபடி நேராக என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். நடுவர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நின்ற இடத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த ஓட்டம் மறுபடி வரவில்லை. தோற்றுப் போனார்கள். டீச்சர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் பாப்பாவிடம் எது கேட்டாலும் "ம்" மட்டும்தான். சேலத்தில் பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், இவள் பெயரும் இருக்கிறது என்று டீச்சர் போனில் சொன்னார். கேட்டால், போகவில்லை என்றாள். அக்கா, நல்லதாகப் போயிற்று என்றது. நல்லதுதானா செல்வி? அவளாகக் கேட்ட ஒன்றை நானே ஊதிக் கெடுத்துவிட்டேனே.

மூன்றாம் நாள் காலை டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். "எம்மேல கோவத்துல வெளையாட்ட வுட்ராத பாப்பா. நான் இனிமே அந்தப் பக்கமே வரல" என்றேன்.

"கோவமெல்லாம் இல்லீங்கப்பா. அவங்கல்லாம் ரெஃப்ரி விசில்னு நின்னாங்க. நான் உங்க விசில்னு தெரிஞ்சுதான் நின்னேன்."

தெரிந்தும் ஏன் நின்றாய் என்று கேட்டேன். டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா செத்த அன்னிக்கும் கிரவுண்டுக்கு வந்து இப்படித்தான் ரெண்டு வாட்டி ஊதுனீங்க. திரும்பிப் பாத்தா நீங்க அழுதுகிட்டு நின்னீங்க. இப்ப என்ன ஆச்சோன்னு நெனச்சேன்."

எனக்கு அது நினைவில் இல்லை செல்வி. ஆஸ்பத்திரியிலிருந்து காக்கிச் சட்டையோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது நினைவிருக்கிறது. அவள் பையை என் தோளில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. ஊதியது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்றைக்கும் குரல் வந்திருக்காது போல. நம் பிள்ளையை அப்படியா கூப்பிட்டேன்? இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தை அவள் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளா? நான் தினமும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால்தானே வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.

இனி மைதானத்துக்கு வரவே மாட்டேன் என்று மறுபடியும் சொன்னேன்.

"நீங்க வரலீன்னாதான் பயமா இருக்கும். சேலத்துக்கு நீங்களும் வர்றதுன்னா போறேன். நான் திரும்பிப் பாத்தா தெரியற எடத்துல நில்லுங்க, போதும்" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளை ஆட விடுவது சரியா தப்பா, இன்னமும் தெரியவில்லை. அம்மா இல்லாத பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேனா, அதுவும் தெரியவில்லை. பந்தை ஏன் பின்னால் போடுகிறார்கள் என்பது இந்த ஜென்மத்தில் எனக்குப் புரியப் போவதில்லை. நீ இருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாய், நானும் சரி என்றிருப்பேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் ஜெயித்தாலும் தோற்றாலும், கீழே விழுந்தாலும், எந்த ஊர் மைதானமாக இருந்தாலும், அவள் திரும்பிப் பார்க்கும்போது நான் நின்றுகொண்டிருப்பேன். அழாமல் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்,
நித்யாவின் அப்பா
அதியமான்கோட்டை