ஐந்து புளியங்கொட்டை

3.8.87, திங்கள்
மேகம் கட்டியது, பெய்யவில்லை. வார்டில் ஃபேன் ஓடவில்லை. செருப்பு வார் தைக்கக் கொடுக்க வேண்டும்.

குழந்தைகள் வார்டில் புது ஏற்பாடு, நான் கெஞ்சி வாங்கியது. புண்ணுக்குக் கட்டு மாற்றும் முன் ஐந்து புளியங்கொட்டையை நீட்டுவது. வலி எவ்வளவோ அவ்வளவு எடுக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ எடுத்தால் வலி தெரியாமலிருக்க ஊசி போட டாக்டர் சம்மதம். எண்ணிக்கை காய்ச்சல் சார்ட்டுக்குக் கீழே. மெட்ராஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களாம். பெருமையாக இருந்தது.

5.8, புதன்
வத்தல்மலைப் பொன்னி. ஆறு வயது. களி உலை கவிழ்ந்து தொடை வெந்து வந்திருக்கிறாள். கொட்டை நீட்டினேன். ஒன்று எடுத்தாள். ஊசி இல்லை. கட்டைப் பிரித்தபோது அவள் அலறியதில் வெளியே ஓ.பி. சீட்டுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர்: "சார்ட்டப் பாருங்க சிஸ்டர். ஒண்ணுதான். கத்துறது பயத்துல."

சார்ட்டை அவர் கையில் கொடுத்ததே நான்தானே.

7.8, வெள்ளி
மறுபடி ஒன்று. டிராலி சத்தம் கேட்டாலே பாவாடையை நனைத்துவிடுகிறாள். பேச்சும் நின்றுபோயிற்று.

மெஸ் ரசம் புளித்துப்போயிருந்தது.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில் பாப்பாரப்பட்டிக்காரம்மா முறுக்கு நீட்டினார். பொன்னி ஒன்று எடுத்தாள். "இன்னும் எடு கண்ணு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் அம்மாவைக் கேட்டேன்.

"யாரு எதை நீட்டுனாலும் ஒண்ணுதாங்க எடுக்கணும். அள்ளுனா அடிப்பனுங்க. எங்க வூட்ல அப்பிடித்தான் வளத்தோம்."

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒழுங்காக வளர்ந்த பிள்ளையை அதற்காகவே இரண்டு முறை கதறவிட்டிருக்கிறோம்.

8.8, சனி
டாக்டரிடம் சொன்னேன், கேட்கும் முறையை மாற்றலாம் என்று. சிரித்தார்.

"இப்ப மாத்துனா கணக்கே கெட்டுரும். மெட்ராஸுக்குப் போன ஷீட் போனதுதான். மலைப் பிள்ளைங்களுக்கு வலி கம்மின்னு தெரியுது பாருங்க, இது புதுசு."

மத்தியானம் சாப்பிடவில்லை.

10.8, திங்கள்
தூறல். ஐந்து கொட்டையையும் பொன்னி கையில் வைத்தேன்.

"எல்லாம் உன் வலி. வலிக்காததை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடு கண்ணு. எல்லாத்தையும் வெச்சிக்கிட்டாலும் யாரும் அடிக்க மாட்டாங்க."

விரல்களை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றுகூடத் தரவில்லை. சார்ட்டில் 5 எழுதினேன். டாக்டர் அதை அடித்து 1 போட்டார். "இது நீங்க சொல்லிக்கொடுத்தது." ஊசி இல்லை.

கட்டு மாற்றி முடிந்ததும் பொன்னி ஐந்தையும் என் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள். பேச்சு நின்ற பிறகு இன்றுதான் வாய் திறந்தாள்.

"இந்தக் கொட்டை பொய்யிங்க."