உங்கள் போனுக்கு வரும் எண்

தஞ்சாவூர்,
5 ஜூன் 2018

அன்புள்ள லின்சி அப்பாவுக்கு,

நானும் லின்சியும் நலம். உங்கள் நலத்தைப் போனில் கேட்கத்தான் ஆசை. நீங்கள் எடுப்பதில்லை, எடுத்தாலும் சண்டையில் முடிகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

இ-சேவை மையத்தில் எனக்குக் கவுன்டர் மாறிவிட்டது. இப்போது வருமானம், சாதி, பட்டா என்று வருவாய்த்துறை வேலைகள். எல்லாம் ஆன்லைன், இனி யாரும் அலைய வேண்டாம் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். அதன் கீழேதான் வரிசை நிற்கிறது. விண்ணப்பித்தால், பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க எண் வரும். பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்ல வேண்டும். இங்கே பாதிக் குடும்பங்களின் போன் கடல் தாண்டி அல்லவா இருக்கிறது? நேற்று திருவிடைமருதூரிலிருந்து வந்த பிரகதாம்பாள் என்ற அம்மாள், கவுன்டரில் நின்றே சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நம்பர் வந்துச்சாடா?"

"அம்மா, நான் கிரேன் மேல இருக்கேன்."

"எறங்கிச் சொல்றானாம். அதுவரைக்கும் கம்ப்யூட்டரக் கொஞ்சம் நிறுத்தி வையேன்மா," என்றார் என்னிடம்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நம் வீட்டுக் கதையும் அதுதான். ஆதார் எடுத்தபோது வீட்டில் இருந்தது உங்கள் போன் ஒன்றுதான். மூன்று பேருக்கும் அந்த எண்ணையே கொடுத்தோம். லின்சியின் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று வேண்டும். சனிக்கிழமை நம் நேரம் மூன்றரைக்கு, உங்களுக்கு மாலை ஆறுக்கு, கூப்பிடுகிறேன். தயவுசெய்து எடுங்கள்.

நீங்கள் வந்துபோய் ஐந்து வருடம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அருள்செல்வி


ஜொகூர், மலேசியா,
7 ஜூன் 2018

அன்புள்ள செல்வி,

சனிக்கிழமை எடுக்கிறேன். நம் ஊர் சிம்முக்கு உங்களுக்காகத்தான் இன்னும் ரீசார்ஜ் செய்கிறேன். வீட்டுச் செய்தி எனக்கு அதில்தான் வருகிறது. மாமா தவறியதுகூட, இறப்புச் சான்று விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்த மெசேஜைப் பார்த்துத்தான் தெரிந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வேலை அதிகம். கிறிஸ்துமசுக்கு வரப் பார்க்கிறேன். லின்சிக்கு என் முத்தங்கள்.

கிளமென்ட்


தஞ்சாவூர்,
17 ஜூன் 2018

லின்சி அப்பாவுக்கு,

என் அப்பா போன அன்று பகல் முழுக்கக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

லின்சிக்குச் சான்று கிடைத்துவிட்டது. எண்ணைச் சொன்னது நீங்கள் இல்லை. "அவங்க குளிக்கிறாங்க, நான் படிக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னாள். நம் பக்கத்துப் பேச்சு. நிதானமாகப் படித்து, எழுதிக்கொண்டேனா என்று கேட்டு, மறுபடியும் சொன்னாள். கவுன்டரில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது. எட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி வரும் என்று பார்த்தேன்.

என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். இந்த வயதில் எனக்கு முன்னுரிமை இருந்தால்தான் உண்டு. கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்று இருந்தால் அது கிடைக்கும். பக்கத்துக் கவுன்டர் மேகலா வெகுநாளாகச் சொல்கிறாள். "வராத ஆளுக்கு எத்தனை நாளைக்குக்கா சீட் புடிச்சு வைப்பீங்க?" என்பாள். அந்த விண்ணப்பப் பக்கத்தைத் திறப்பேன், மூடிவிடுவேன். இப்போது அனுப்பத் தீர்மானித்திருக்கிறேன்.

அதற்கான எண்ணும் உங்கள் போனுக்குத்தான் வரும். ஆதாரில் போன் எண்ணை மாற்றலாம் என்றால், மாறி வர இரண்டு மூன்று மாதம் ஆகிறது, அதுவரை பழைய போனுக்குத்தான் அனுப்புகிறார்கள். முப்பதாம் தேதி சனிக்கிழமை, அதே மூன்றரை மணி.

அருள்செல்வி


ஜொகூர்,
20 ஜூன் 2018

செல்வி,

கைவிட்டவனா நான்? போன வருடம் வரைக்கும் பணம் அனுப்பினேனே. அந்தச் சான்றுக்கு வி.ஏ.ஓ. வந்து தெருவில் விசாரிப்பார். என் அண்ணன் கிளாட்சன் அப்புறம் கோயிலில் தலைகாட்ட முடியுமா? லின்சிக்கு நாளை ஒரு வரன் வந்தால் என்ன சொல்வாய்?

போனில் பேசியவள் எங்களுக்குச் சமைத்துக் கொடுக்க வருகிறவள். நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே.

எண்ணைத் தர மாட்டேன். கிறிஸ்துமசுக்கு நிச்சயம் வருகிறேன். அதுவரை பொறு.

கிளமென்ட்


தஞ்சாவூர்,
1 ஜூலை 2018

திரு. கிளமென்ட் அவர்களுக்கு,

நேற்று மூன்றரைக்கு, தர மாட்டீர்கள் என்று தெரிந்தும், விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் எடுத்து, டிக்கெட் போட்டுவிட்டேன் செல்வி, அதை மூடு என்று சொல்லியிருந்தால் மூடியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள்தான் எடுத்தாள். நீங்கள் போனை வைத்துவிட்டு மாலைப் பூசைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். சரி என்று வைக்கப் போனேன்.

"இருங்கக்கா. நம்பர் வந்திருக்கு."

"எதுக்குன்னு பாத்தியா?"

"அதுலயே போட்டிருக்கே. பாத்தேன்."

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். நான் தட்டினேன். ஏற்கப்பட்டது என்று வந்தது. நன்றி சொன்னேன். அவள் வைக்கவில்லை.

"நீங்க கவுன்டர்லதானே இருக்கீங்க, ஒண்ணு கேக்கட்டாக்கா? கல்யாணம் ஆயிருந்தாத்தான் இந்தச் சான்று குடுப்பாங்களா?"

ஆமாம் என்றேன்.

"சரிக்கா," என்றாள்.

எண் கொடுத்ததற்காக அவளைக் கோபிக்க வேண்டாம். என்னிடம் கேட்டதை அவள் உங்களிடம் கேட்டிருக்க மாட்டாள். அந்தக் கேள்வி உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அருள்செல்வி