மாதாவுக்கு எடுத்து வைத்த முட்டி

அன்பு மகன் ஜோபிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் வலது முட்டியைத் தவிர. நீ அந்த வெயிலில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதை வைப்பார், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு டின்சியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி அப்பாவுக்கு முட்டி பிசகியதைச் சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். உனக்கு விசா கிடைத்தால் வேளாங்கண்ணியில் முட்டி போட்டே நடப்பதாக அவர் நேர்ந்திருந்தார். அந்த முட்டி கெட்டுவிடக் கூடாது என்று துணியை இறுக்கிக் கட்டிக் காலை நீட்டிப் படுத்தவர் ஒரு மாதம் அசைக்கவே இல்லை. மாதாவுக்கு எடுத்து வச்சிருக்கேன், தொடாதே என்கிறார். கட்டை அவிழ்த்தால் முட்டி பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருக்கிறது, தொடையோ சூம்பிப் போயிருக்கிறது. அடிபட்டது முட்டி, தொடை ஏன் இளைக்க வேண்டும்? எனக்கு மண்டை குடைந்தது.

கட்டப்பனையில் டாக்டரம்மா ஊசி போட்டு நீர் எடுத்தார், நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கெட்ட நீராக இருக்கும் என்று நினைத்தால் லேசான மஞ்சளில் தெளிவாக இருந்தது. அடிபட்டால் மூட்டின் உள்சவ்வு வழக்கத்தைவிட அதிகமாக நீர் சுரக்குமாம். நீர் கட்டி நின்றால் தொடைத் தசையை வேலை செய்யவிடாமல் நரம்பே தடுத்துவிடுமாம், சும்மா கிடந்ததும் சேர்ந்து தொடை சூம்பிவிட்டது. அதைவிட அதிசயம், எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாதாம், நீட்டி மடக்கும்போது அந்த மூட்டு நீரில் இருந்துதான் அதற்குச் சாப்பாடாம். அசைக்காம வச்சா அது பட்டினி கிடக்கும்மா என்றார். மாதாவுக்கென்று எடுத்து வைத்ததை உன் அப்பா பட்டினி போட்டிருக்கிறார்! அங்கேயே சிரித்துவிட்டேன், வெளியே வந்துதான் அழுதேன்.

இப்போது தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டி மடக்குகிறார். நடக்கலாம், ஆனால் முட்டி போட்டு நடந்தால் திரும்ப வீங்கும், அப்புறம் தேறுவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பங்குச்சாமியார் நேர்ச்சையை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும் அப்பா கேட்கவில்லை. புள்ளைக்காக நேர்ந்தது சாமி, குறை வச்சா அவனுக்கு ஏதாவது ஆயிரும் என்று பயப்படுகிறார். எனக்கு அவர் காலை நினைத்துப் பயம். திருவிழாவுக்கு வண்டி வேறு பேசிவிட்டார்.

நீ சொன்னால் கேட்பார். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே, வீம்புக்குப் போவார். லீவு போட்டு வருகிறேன், முட்டியை நான் போடுகிறேன், நீங்கள் என் பக்கத்தில் நடந்து வாருங்கள் என்று சொல். சேசுவும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார்களாக. தண்ணீர் நிறையக் குடி. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா சந்தனமேரி,
சக்குபள்ளம்.