ஆள் குடியிருக்கும் வீடு

பிப்ரவரி 2, திங்கள்

விடியும்போதே வெயில். கிழக்குக் காற்று. புகை முழுக்க நம் பக்கம். ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று.

இன்று முதல் ஒரு வாரம் லீவு. பாறசாலையில் நான் நில ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் ஆபீஸில் முதலாளி, "வீட்டுல சும்மா இருக்கதுக்கா லீவு?" என்றார். ஆமாம். சும்மா இருப்பதுதான் இப்போது என் வேலை.

கோபம் வந்தால் எனக்கு எல்லாம் குழம்பிவிடும், அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தார் கலக்கும் பிளான்ட். குடோன் என்று சொல்லி பஞ்சாயத்தில் பாஸ் வாங்கிக் கட்டினார்கள். இப்போது அனுமதி புதுப்பிக்க வேண்டும். சட்டம் சொல்கிற தூரத்துக்குள் ஆள் குடியிருக்கும் வீடு இருந்தால் அது கிடைக்காது. அப்படி இருப்பது என் வீடு ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் வீடு கணக்கில் வராது.

போன மாதம் ஒரு ஞாயிறு மனைவி ஜெபாவையும் மகள் அக்ஸாவையும் பார்க்கக் காட்டாக்கடை போயிருந்தேன். அன்றைக்கென்று பிளான்ட் மேனேஜர் வந்து என் கேட்டில் தொங்கிய பூட்டைப் போட்டோ எடுத்து, "ஆளில்லாத வீடு" என்று மனுவில் ஒட்டிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து ஞாயிறும் நகர்வதில்லை. பரிசோதனைக்கு இந்த வாரம் ஆள் வரும். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்களாம்.

காஸ் புக் செய்ய. கொடித் துணியில் படியும் கரியைப் போட்டோ எடுக்க. அக்ஸாவுக்கு மருந்து இழுக்கும் குழல் இன்னொன்று.

பிப். 3, செவ்வாய்

வெயில். லோரி பதினொன்று, காலை மட்டும்.

வீட்டில் ஆள் இருப்பது ரோட்டில் நின்றாலே தெரிய வேண்டுமே. அலமாரியைத் திறந்து ஜெபா விட்டுப்போன நைட்டி இரண்டு, அக்ஸாவின் பிராக் மூன்று எடுத்து, எல்லாம் அலக்கி மடித்து வைத்தவை, மறுபடியும் சோப்புப் போட்டு அலக்கி என் வேட்டிக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். மத்தியானத்துக்குள் கரும்புள்ளி. மறுபடி அலக்கல்.

மஞ்சள் பிராக் இனி அவளுக்குப் பத்தாது. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் போனவள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைய அங்கேருந்து மாத்துங்க" என்றார், அவ்வளவுதான். ஐந்து வயது. இழுப்பு வரும்போது என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருப்பாள். எந்தச் சட்டையிலும் மேல் பித்தான் ஆடும். ஜெபா தைத்துத் தைத்துச் சலித்துப் போனாள்.

பிப். 4, புதன்

பெரிய வேடிக்கை. தெற்கு வீட்டு லீலா அக்கா பாத்திரத்தை மூடிக்கொண்டு வந்து நின்றாள். அவித்த கப்பைக் கிழங்கும் சாளைமீன் குழம்பும்.

"எலே, ஜெபா வந்தாச்சா? நைட்டி கிடக்கத கண்டேன். அவளுக்கு எனக்க சாளக் கறின்னா உயிராக்கும்."

"வரல்ல அக்கா."

"பின்ன நைட்டி?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ தின்னு மக்கா" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். பிளான்டுக்கு எதிரான மனுவில் முதலில் கையெழுத்து வைத்ததும் அவள்தான், மகனுக்கு அங்கே லோரி ஓட்ட வேலை கிடைத்ததும் பேரை வெட்டச் சொன்னதும் அவள்தான். கோபப்பட நினைத்தேன். கறி நன்றாக இருந்தது.

இரண்டு பேர் தின்னும் அளவு. பாதி மிஞ்சியது.

பிப். 5, வியாழன்

வானம் மூடாக்கு. காற்று இல்லை, தார் வாசனை அப்படியே நிற்கிறது. ஆள் வரவில்லை.

மேனேஜர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அந்த வீட்ட கொடுத்துட்டுப் போயி பிள்ளையோட சந்தோஷமா இருந்தூடே சாரே?" என்றான். இருக்கலாம்தான். ஆனால் நான் போனால், அடுத்த வீடு தூரத்துக்கு வெளியே. பிறகு அவர்களை யாரும் கேட்க முடியாது. என் அடுப்பிலிருந்து பார்த்தால் அவர்களுடைய எண்ணெய் டாங்க். நடுவில் ஒரு மதில். "முதல்ல உம்ம டாங்க மாத்தும்" என்று கத்தினேன். கத்தியது அதிகம்.

ஜெபா போன் செய்தாள். "எப்பம் வாறிய?"

"பரிசோதனை கழியட்டும்."

"போன வாரமும் இதையாக்கும் சொன்னிய."

ஜெபாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பேச ஒன்றும் இல்லை. அவள் வெங்காயம் அரியும்போது பக்கத்தில் நின்றால் போதும்.

பிப். 6, வெள்ளி

பதினொரு மணிக்கு வந்தார்கள். எஞ்சினியர் ஒரு அம்மா, நாடா பிடிக்க இரண்டு பேர். பிளான்ட் புகைக்குழாயிலிருந்து என் சுவர் வரை அளந்தார்கள். தூரம் போதாது என்று அந்த அம்மாவே சொன்னார்.

மேனேஜர் விடவில்லை. இது ஆளில்லாத வீடு, கொடியில் கிடப்பதெல்லாம் நாடகம் என்றான். அந்த அம்மா உள்ளே வந்து அடுக்களை, கட்டில் எல்லாம் பார்த்தார். "எத்தன பேரு தாமசம்? உள்ளத சொல்லணும்."

குடியிருப்பது மூன்று பேர் என்று சொல்லத்தான் ரேஷன் கார்டைக் கையிலேயே வைத்திருந்தேன். வாய் வரவில்லை. பொய் அப்படியொன்றும் எனக்குப் புதிதல்ல. மூன்று என்று சொன்னால் இவர்கள் புகை யாரையும் விரட்டவில்லை என்று ஆகிவிடுமே.

"ஒருத்தர். நான் மட்டும். புகை தாங்காம அவியரு ரெண்டுபேரும் காட்டாக்கடையில."

மேனேஜர் சிரித்தான்.

"ஒராளு மதி" என்றார் அந்த அம்மா. ஒரு ஆள் போதுமாம். ஒருவன் இருந்தாலும் குடியிருக்கும் வீடுதான். அனுமதி கிடைக்காது, அவர்கள் அப்பீல் போவார்கள், திரும்பவும் வந்து பார்ப்பார்கள், அதுவரை மாறிப் போகாதீர்கள் என்றார். தாளில் 'தாமசம்: 1' என்று எழுதிக் காட்டினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

உடனே ஜெபாவுக்குப் போன். ஜெயித்துவிட்டோம் என்றேன். "ஆண்டவரே" என்றாள். பிறகு எல்லாம் விவரமாகக் கேட்டாள். சொன்னேன்.

"அப்பம் எங்கள எதுல எழுதினாவ?"

"எதிலயும் எழுதல்ல."

போனில், அக்ஸா அங்கே படியில் ஏறி இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடினாள். இழுப்பே இல்லை.