எண் ஏறாத நாள்

அன்பு மகள் குட்டிமாவுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோட நல்லபடியாத்தான் இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவைத் திறக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காதுக்கு நீ அனுப்பின கருவி மட்டும் இன்னும் மேஜை டிராயரிலேயே உறங்குது, ஏன் மாட்டலைன்னு கேட்டா, கேட்க வேண்டியதெல்லாம் அறுபத்தெட்டு வருஷத்துல கேட்டாச்சுங்கிறார். உன் புது ஆபீஸுல கம்ப்யூட்டர் சாமானையெல்லாம் ஒரே ரேக்குல வைக்கப் போறேன், அதுக்கு சர்ஜ் புரொடெக்டர் எப்படிப் பார்த்து வாங்கணும், உன் ரெக்கார்டிங் ரூமுக்கு எதை வாங்கினேன்னு போன வாரம் கேட்டிருந்தே. போன்ல ரெண்டு வார்த்தையில சொல்ல வேண்டிய விஷயம்தான். நாலு தடவை போனைக் கையில எடுத்தேன், நாலு தடவையும் வச்சுட்டேன். அதனாலதான் கடிதம். நீ கொஞ்சம் உட்கார்ந்து படி.

பார்வை இல்லாதவங்களுக்காக நான் புத்தகம் வாசிச்சுப் பதிவு பண்ற பின் ரூமை நீ பார்த்து மூணு வருஷம் ஆச்சு. இப்போ சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி, கதவுக்குக் கம்பளி தொங்கவிட்டு, உள்ளே போனா என் மூச்சு எனக்கே கேட்கிற மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். மைக்குக்குப் பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு ரேக், அதுல ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர், ஹார்டு டிஸ்க் பெட்டி. மலைப்பாதையில லாரி ஓட்டுற ஒருத்தரோட கதை, எழுநூறு பக்க நாவல், அதை ரெண்டு மாசமா வாசிச்சுக்கிட்டிருந்தேன். நடுவுல வாசிக்கிறதை நிறுத்தினாலும் ரெக்கார்டரை அணைக்காம ஓட விடுறது என் வழக்கம். அந்தச் சமயத்துலதான் பதிவுல திடீர் திடீர்னு ‘டொக்’னு ஒரு சத்தம் விழ ஆரம்பிச்சது. ஹெட்போன்ல கேட்டா காதுக்குள்ளே யாரோ விரலால சுண்டின மாதிரி இருக்கும். ஒரு நாள் டொக் வந்த கையோட ஹார்டு டிஸ்க் பெட்டியிலிருந்து தீய்ஞ்ச வாடை வந்து மூணு அத்தியாயம் போயே போச்சு. தொண்டை கட்டிக்கிட்டு வாசிச்ச அத்தியாயங்கள், எனக்கு அழுகையே வந்துடுச்சு. நம்ம எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். எதுக்கெடுத்தாலும் மெதுவாப் பார்ப்போம்மா, மெதுவாப் பார்ப்போம்மான்னு சொல்லிச் சொல்லி தெருவே அவருக்கு மெதுவான்னு பேர் வச்சிருக்கே, அவர்தான். மெதுவா வந்து, மெதுவா மீட்டரை வச்சுப் பார்த்து, தெரு லைன்ல கோளாறு இல்லை, எர்த்தும் சரியா இருக்கு, இது ஒட்டுச்சுவர் வீட்டிலேருந்து வருதுன்னு சொன்னார். நம்ம வீடும் பக்கத்து நர்ஸம்மா வீடும் ஒரு காலத்துல ஒரே வீடா இருந்து நடுவுல சுவர் எழுப்பினதாம், ரெண்டுக்கும் கரண்டு திரும்பிப் போற நியூட்ரல் ஒயர் அந்தப் பக்கத்துப் பழைய பெட்டியிலதான் சேருதாம், அந்த முடிச்சு தளர்ந்துபோய், அங்கே பெருசா ஏதாவது ஸ்விட்சு போட்டா இங்கே கரண்டு துள்ளுதாம். எனக்கு ஒண்ணும் புரியலை. நர்ஸம்மா வீடு பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சே. ரிட்டயர் ஆனதும் மகன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனவங்க, முன் கேட்டுல பூட்டு துருப்பிடிச்சுத் தொங்குது. விட்டுட்டுப் போன ஃபிரிட்ஜா இருக்கும்னு அப்பா தீர்ப்புச் சொல்லிட்டார். நம்ம மெதுவா அதை ஒத்துக்கலை. உள்ளே போகாம அந்த முடிச்சைத் தொட முடியாது, இப்போதைக்கு ரேக்குக்குத் துள்ளலைத் தடுக்கிற நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

கடையில ரெண்டு காட்டினாங்க. ரெண்டும் ரேக்குல ஸ்குரூ போட்டு மாட்டுற மாதிரி தட்டையா, பின்பக்கம் எட்டு சாக்கெட்டோட இருந்தது. ஒண்ணுல ஜூல் கணக்கு அதிகம், அதாவது பெரிய துள்ளலைக்கூடத் தாங்கும், முன்னாடி ஒரு பச்சை விளக்கு மட்டும். இன்னொண்ணு ஜூல் கொஞ்சம் கம்மி, ஆனா கரண்டுல வர்ற இரைச்சலை வடிகட்டும், முன்னாடி சின்னத் திரையில வோல்டேஜ் காட்டும், இதுவரைக்கும் எத்தனை தடவை துள்ளலைத் தடுத்துச்சு, எத்தனை மணிக்குத் தடுத்துச்சுன்னு எண்ணி வச்சுக்கும். தடுத்தா போதாதா, எண்ணி என்ன பண்ணப் போறேன்னு அப்பா கடைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கென்னவோ அந்த டொக் எப்பெப்போ வருதுன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு, எண்ணுறதையே வாங்கிட்டேன். அன்னிக்கு அப்பா பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்போ நினைக்கவே பயமா இருக்கு.

மாட்டினதும் டொக் நின்னுபோச்சு. பதிவு பால் மாதிரி சுத்தமா வந்தது. ஆனா திரையில எண் மட்டும் ஏறிக்கிட்டே இருந்தது, ஒரு நாளைக்கு மூணு, சில நாள் நாலு. பன்னிரண்டு நாள் கழிச்சு, எடிட் பண்றப்போ சும்மா ஒரு ஆசைக்கு அந்த நேரங்களையெல்லாம் ஒரு தாள்ல எழுதிப் பார்த்தேன். நான் எத்தனை மணிக்கு வாசிக்க ஆரம்பிச்சேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன்னு புத்தகப் பக்க ஓரத்துல குறிச்சு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டே, அதுவும் பக்கத்துலதான் கிடந்தது. பத்து பத்துக்கு நிறுத்தியிருக்கேன், பத்து பதினாலுக்கு எண் ஏறியிருக்கு. பதினொண்ணு ஐம்பதுக்கு நிறுத்தியிருக்கேன், பதினொண்ணு ஐம்பத்து நாலுக்கு ஏறியிருக்கு. அடுத்த நாள் வேற நேரம், அதே நாலு நிமிஷம். நான் வாசிக்கிற நேரத்துல ஒரு தடவைகூட ஏறலை. பகல் வெளிச்சத்துலதான் உட்கார்ந்திருக்கேன், ஜன்னலுக்கு வெளியே காய்கறி வண்டிக்காரர் கத்திக்கிட்டுப் போறார், ஆனா எனக்குக் கைமயிரெல்லாம் நட்டுக்கிட்டு நின்னது. மறுநாள் வேணும்னே வாசிச்ச பத்தாவது நிமிஷத்துல, ஒரு வாக்கியத்துக்கு நடுவுல நிறுத்தினேன். நிறுத்திட்டுத் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், ஒண்ணுமில்லை. அஞ்சாவது நிமிஷம் ஆரம்பிக்கிறப்போ நாற்பத்து மூணு நாற்பத்து நாலாச்சு. அப்பாகிட்டச் சொன்னா, ஃபிரிட்ஜுக்குக் கதை பிடிக்காம இருக்கும்னு கிண்டல் பண்ணினார். மெதுவாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்த மனுஷன் முதல் தடவையா மெதுவாங்கிற வார்த்தையைச் சொல்லலை. “அம்மா, யாரோ உட்கார்ந்து நீங்க வாசிக்கிறதைக் கேட்கிறாங்க. நீங்க நிறுத்தினாத்தான் எழுந்திரிக்கிறாங்க”ன்னார்.

நர்ஸம்மா மகனோட நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டேன். அம்மா அவங்க சிநேகிதி வீட்டுல இருக்காங்க, முந்தாநாள்கூடப் பேசினேன், வீடு பூட்டித்தான் இருக்கு, கேட்டுச் சாவி என்கிட்டத்தான் இருக்குன்னு மரியாதையாத்தான் சொன்னார். அப்போ உள்ளே யாரு? சுவர்ல ஸ்பாஞ்சைக் கொஞ்சம் உரிச்சுட்டுக் காதை வச்சேன். தட்டினேன். யாருங்க அங்கேன்னு கேட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, ஆனா ஆள் இல்லாத வீட்டு நிசப்தமாவும் தெரியலை, யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற நிசப்தம். அதுக்கப்புறம் நான் பண்ணினதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமா இருக்கு. நான் ஒண்ணுமே பண்ணலைடி. ஸ்பாஞ்சைத் திரும்ப ஒட்டினேன், அந்தச் சுவர் முதுகுக்குப் போற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், வாசிச்சேன். என் குரலே எனக்கு வேற மாதிரி இருந்தது, ஒவ்வொரு வரியும் முதுகுக்குப் பின்னாடி யாருக்கோ போய்ச் சேர்றது தெரிஞ்சது. பதிவுதான் சுத்தமா வருதே, நமக்கென்னன்னு ஆறு நாள் அப்படியே ஓட்டினேன்.

அந்த வியாழக்கிழமை காலையில நிறுத்திட்டுத் திரையைப் பார்த்தேன், அறுபத்து ஒண்ணு. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தேன், அறுபத்து ஒண்ணு. மத்தியானம், சாயங்காலம், அதே அறுபத்து ஒண்ணு. விட்டது சனியன்னு அப்பா சொன்னார், எனக்கும் முதல்ல தோள்ல இருந்து ஏதோ இறங்கின மாதிரிதான் இருந்தது, அந்த நிம்மதியில நாலு அத்தியாயம் முடிச்சேன். வெள்ளிக்கிழமை காலையிலும் அறுபத்து ஒண்ணாவே நின்னப்போ ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி நிறுத்தித் திரையைப் பார்க்க ஆரம்பிச்சேன். பயந்துக்கிட்டிருந்த எண் ஏறாதான்னு ஏங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னா நம்புவியா. பன்னிரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடிட்டு மெதுவாவைக் கூப்பிட்டேன், அப்பா ஸ்டேஷனுக்குப் போய் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிட்டு வந்தார். பின்சந்துல இருக்கிற கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. நம்ம மெதுவாதான் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொண்ணா உருவிட்டு உள்ளே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். முன் ரூம்ல எல்லாம் விரல் கனத்துக்குத் தூசி, ஒரு காலடித் தடம் கிடையாது. நம்ம சுவரை ஒட்டின ரூம் மட்டும் பெருக்கித் துடைச்சுக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு நாற்காலி, சுவரை முட்டுற மாதிரி, சுவரையே பார்த்துப் போட்டிருந்தது, உட்கார்ந்தா முழங்கால் சுவர்ல இடிக்கும். நாற்காலி உயரத்துக்குச் சுவர்ல காது வைக்கிற இடத்துல சுண்ணாம்பு வழவழன்னு கறுத்திருந்தது. நாற்காலிக்கும் பழைய கரண்டு அடுப்புக்கும் நடுவுல நர்ஸம்மா கீழே கிடந்தாங்க.

உயிர் இருந்தது, குட்டிமா. இடுப்பு எலும்பு முறிஞ்சு, உதடெல்லாம் வெடிச்சு, ஒரு நாளுக்கு மேலா நகர முடியாம, போனும் எட்டாம கிடந்திருக்காங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சு, ஒண்ணுமில்லை, வண்டி வந்துடும்னு சொன்னேன். கண்ணைத் திறக்காமலே என் குரலை அடையாளம் கண்டுட்டாங்க. “சத்தம் போட்டேன்மா. நீங்க வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க”ன்னாங்க. கோபமா சொல்லலை, நான் ஏதோ முக்கியமான வேலையில இருந்தேன், தொந்தரவு பண்ணிட்டோம்ங்கிற மாதிரி சொன்னாங்க. அதுதான் இன்னும் எனக்குத் தாங்கலை.

ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு, இப்போ உட்கார்றாங்க. மகனும் ஓடி வந்துட்டார், தலைமாட்டுல நின்னுக்கிட்டு, வாரா வாரம் போன்ல பேசினாங்களே, சிநேகிதி வீட்டுலன்னுதானே சொன்னாங்கன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றார். மூணு மாசம் முன்னாடியே மகன் வீட்டுல சரிப்படாம, சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கே கிளம்பி வந்துட்டாங்களாம். கையில பின்கதவுச் சாவி மட்டும்தான் இருந்ததாம். ஏன் திரும்பி வந்தீங்கன்னு தெருவுல ஆளாளுக்குக் கேட்பாங்களேன்னு விடியக்காலையில சந்து வழியாப் போய்ச் சாமான் வாங்கிட்டு, மிச்ச நேரமெல்லாம் உள்ளேயே இருந்திருக்காங்க. வந்த மூணாம் நாள் சுவருக்குள்ளே இருந்து கதை கேட்டிருக்கு. ஒரு வரிகூடத் தப்பிடக் கூடாதுன்னு நான் நிறுத்தினப்புறமும் மறுபடி ஆரம்பிப்பேனோன்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் எழுந்து அடுப்பைப் போட்டுக் கஞ்சியோ டீயோ வைப்பாங்களாம். நான் சுவரைத் தட்டின அன்னிக்கு வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்களாம், ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நான் வேற ரூமுக்குப் போயிடுவேனோன்னு பயந்தாங்களாம்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அப்பாகிட்டக்கூடச் சொல்லலை, உன்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்வேன். அந்த வியாழக்கிழமை வாசிக்கிறப்போ ஹெட்போன்ல அடியில மெலிசா ஏதோ இழுத்துச்சு. ஃபேன் இரைச்சல்னு நினைச்சு, எடிட் பண்றப்போ இரைச்சல் நீக்குற பட்டனை அமுக்கிச் சுத்தம் பண்ணிட்டேன். போன வாரம் துணிஞ்சு, சுத்தம் பண்ணாத மூலப் பதிவைப் போட்டு சத்தத்தை ஏத்திக் கேட்டேன். லாரிக்காரர் பாலத்துல ஏறுற இடம். என் குரலுக்கு அடியில என் பேரு. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் என் பேரு. நான் ஏற்ற இறக்கத்தோட, நிறுத்தி நிதானமா, அழகா வாசிச்சுக்கிட்டிருக்கேன். ஏழு தடவை எண்ணினேன், அதுக்கு மேல கேட்க முடியலை. அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசிச்சு அனுப்பிட்டேன். பழைய பதிவை அழிக்கவும் கை வரலை.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். முதல்ல ஆபீஸுல எர்த் சரியா இருக்கான்னு ஆளை வச்சுப் பார், எர்த் இல்லைன்னா எத்தனை நல்லதை வாங்கினாலும் வீண். ஜூல் கணக்கு உன் சாமானுக்குத் தக்கபடி இருக்கட்டும். அடாப்டர் குண்டா இருந்தா ரெண்டு சாக்கெட்டை அடைச்சுக்கும், அதனால இடைவெளி விட்டு சாக்கெட் வச்சதாப் பார். துள்ளலைத் தாங்கித் தாங்கி அதுவும் ஒரு நாள் ஓய்ஞ்சுபோகும், ஓய்ஞ்சதைக் காட்டுற விளக்கு கட்டாயம் இருக்கணும். திரையும் எண்ணும் இருக்கிறதையே வாங்கு, யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும். நம்ம மெதுவா அந்த வீட்டு முடிச்சை முறுக்கிச் சரி பண்ணிட்டதால என் திரையில எண் இப்போ ஏறுறதில்லை. ஆனாலும் வாசிச்சு நிறுத்தினா உடனே எழுந்திரிக்க முடியலை, ஒரு நாலு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திடுறேன். யாருக்குக் காத்துக்கிட்டிருக்கேன்னு அப்பா கதவுல நின்னு கேட்கிறார்.

வர்ற திங்கட்கிழமை நர்ஸம்மாவை வீட்டுக்கு அழைச்சிட்டு வர்றோம். மகன் கூப்பிட்டதுக்கு இப்போ வேண்டாம்னுட்டாங்க. துருவுல சாவி திரும்பாத முன் கேட்டுப் பூட்டை அறுத்து, முன்வாசல் வழியாவே வரணும்னு நான் சொன்னேன், யாரும் ஒண்ணும் கேட்கக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்க, ரெண்டுக்கும் தெரு சம்மதிச்சாச்சு.

உனக்கு எல்லா நலமும் கூடி வரணும், நினைச்ச காரியம் கைகூடணும், நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்னு நானும் அப்பாவும் மனசார வாழ்த்துறோம். ஞாபகமா ஒண்ணு செய். அந்த ஊர்ல நாலு வருஷமா இருக்கே, உன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு இதுவரைக்கும் நீ சொன்னதே இல்லை, நானும் கேட்டதே இல்லை. இந்தக் கடிதம் கையில கிடைச்ச அன்னிக்கே போய்க் கதவைத் தட்டு. உன் பேரைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் நினைவாவே இருக்கிற
அம்மா