வாசனை ஏறிய கையுறை

பெண்டாட்டியம்மாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பாத்திரத்தைத் தொடாதே, நான் வந்து கழுவுகிறேன்.

நீ ராத்திரி கிரீம் பூசி மாட்டிக்கொள்ளும் பருத்திக் கையுறையை, வாடை போகட்டுமே என்று துணிக்குப் போடும் வாசனைத் திரவத்தில் அலசியது நான்தான். அதுதான் உன் எக்ஸிமா அரிப்பைக் கிளப்பிவிட்டிருக்கும் என்று இன்று காலை டாக்டரம்மா போனில் சொன்னார். அது தெரியாமல், "சலூன் வேலையில கண்ட சாயத்துலயும் கையை விட்டுட்டு, இங்க வந்து சொறியாதே"ன்னு நேற்று உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய். அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

புதுக் கையுறை தலையணைமேல் இருக்கிறது. வெறும் தண்ணீரில்தான் அலசினேன், சத்தியமாக.

பி.கு.: தோல் ஆறினாலும் கிரீமை நிறுத்தக்கூடாதாம். இனி தினமும் நான் பூசிவிடட்டுமா? வேண்டாமென்றால், நான் வருவதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு படுத்துவிடு. புரிந்துகொள்வேன்.