வேலுத்தாய் ரத்தமும் யூரியாத் தண்ணியும்

கோவில்பட்டி
9.8.1998

பிலாயில் இருக்கும் மகன் மாயகிருஷ்ணனுக்கு சித்தப்பா எழுதுவது, இங்கன நான், ஒங்கம்மா, ஒந்தங்கச்சி வேலுத்தாய் மூணு பேரும் சுகமா இருக்கோம், குடலிறக்க ஆபரேசனுக்குத் தேதி வாங்கியாச்சுன்னு நீ எழுதுன கடுதாசி வந்துது, இதைப் படிச்சு முடிக்காம அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதே. வேலுத்தாய் ரத்தத்துல என்னமோ இருக்குன்னு அவ நடைபழகி விழுந்தப்பவே நான் சொன்னேன், யாரு கேட்டா. போன மாசம் கடவாப்பல்லைப் பிடுங்கிட்டு வந்தா, அன்னைக்கு ஒண்ணுமில்லை, மறுநா காலையில தலகாணியெல்லாம் ரத்தம், மூணு நாளா நிக்கலை. இங்கன எடுத்த டெஸ்ட் எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க. நான் விடுவேனா, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அந்த டாக்டரம்மா என்னைப் பாத்ததும் எந்திரிச்சே நின்னுட்டாங்க, ஃபேன் சுவிட்சு போட எந்திரிச்சாங்கன்னு ஒங்கம்மா சொல்லுதா, நம்பாதே.

சொந்தத்துல கட்டுனவங்களான்னு கேட்டாங்க, ஆமா, ஒங்கப்பா கட்டுனது சொந்த அத்தை மகளைத்தான்னேன். பிறந்தப்போ தொப்புள்ல ரத்தம் வடிஞ்சுதான்னு கேட்டதுக்கு ஒங்கம்மா அப்படி ஒண்ணுமில்லைன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் சும்மா இருப்பனா, கொடி விழுந்த அன்னைக்கு ரெண்டு துண்டு நனைஞ்சுது, என் கண்ணால பாத்தேன்னு போட்டு ஒடைச்சேன். ஒடனே வேற டெஸ்டு. ரத்தத்தை உறைய வெச்சு யூரியாத் தண்ணியில போட்டாங்க, நம்ம பருத்திக்குப் போடுத அதே யூரியாதான், நல்ல ரத்தம்னா கட்டியாவே கிடக்குமாம், இவளுது மறுநா பாத்தா கரைஞ்சு போச்சு. ரத்தம் உறையதுக்கு வரிசையா சத்து உண்டாம், கடைசியில வேலை பாக்குத பதிமூணாம் நம்பர் இவளுக்குப் பிறவியிலேயே இல்லையாம். தீப்பெட்டி ஆபீசுல எல்லாரும் வந்து பண்டல் கட்டுத ஆளு மட்டும் வரலைன்னா என்ன ஆகும், அதுதான் இதுன்னு டாக்டரம்மாவுக்கே நான் விளக்கிச் சொன்னேன். மாசம் ஒருதரம் மருந்து ஏத்துனா பயமில்லையாம். ஆனா கூடப்பிறந்தவனுக்கும் இருக்கலாம், கத்தி வைக்கதுக்கு முன்னால பாத்தே ஆகணும்னுட்டாங்க. மதுரைச் சீட்டை இதுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கேன், அங்கன டாக்டர்ட்ட காட்டு. நம்ம ஊரு செண்பகவல்லி அம்மன் ஒன்னை ஒரு குறையுமில்லாம வெச்சிருப்பா.

ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுதேன். கொடி விழுந்த அன்னைக்கு நான் நாகலாபுரத்துல மாட்டுவண்டிப் பந்தயம் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அந்த ரெண்டு துண்டும் டாக்டரம்மா முன்னால பெரிய மனுசனாத் தெரியணும்னு அடிச்சு விட்டது. வெளிய வந்ததும் ஒங்கம்மா, தம்பி, ஒங்களுக்கு இதை யாரு சொன்னான்னு கேட்டு அழுதுட்டா. நெசமாவே நாலு நாளு வடிஞ்சுதாம், பொம்பளப்புள்ளைக்குக் குறைன்னா எவன் கட்டுவான்னு பதினெட்டு வருசமா மூடி வெச்சிருக்கா. ஒனக்கு அப்படியெல்லாம் இல்லைன்னு இப்பவும் சத்தியம் பண்ணுதா. ஒனக்கும் வடிஞ்சுது, என் கண்ணால பாத்தேன்னு சொல்ல நான் தயார். எங்க ரெண்டு பேரையும் நம்பாதே, முதல்ல ரத்தத்தைக் குடு.

ஒம்மேல உசுரா இருக்கும் சித்தப்பா,
பூவனநாதன்